பல் வைத்தியச் செலவும் வருமான வரிக் கழிவும்

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் பெரியவர்கள் வாக்கு. சொல் மட்டுமா போகிறது? கையிலிருக்கும் காசும் அல்லவா சேர்ந்து போகிறது! பட்டணத்துத் தனியார் பல் வைத்தியரிடம் போய் வந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தோட்டத்திலிருந்து போக வர ஆகும் செலவு ஒரு பக்கம். வேலைக்குப் போகாததால் இழந்த சம்பளம் ஒரு பக்கம். வைத்தியருக்குக் கொடுக்கும் கட்டணம் இன்னொரு பக்கம். இப்படிச் செலவான பணத்தில் ஒரு பகுதியாவது வருமான வரியில் குறையுமா? குறையும் என்றால் யாருக்குக் குறையும்? அதற்கு என்ன செய்ய வேண்டும்? இவற்றைப் பற்றித்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

வருமான வரி என்றவுடன், "அது கிராணிமார்களுக்கும் பெரிய துரைமார்களுக்கும் உரியது, பால்மரம் வெட்டுகிற நமக்கும் செம்பனைக் குலை அறுக்கிற நமக்கும் அதில் என்ன இருக்கிறது?" என்று சிலர் எண்ணலாம். அந்த எண்ணத்தில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியைத் தெரிந்து கொள்ளாததால்தான் பல குடும்பங்கள் தங்களுக்குச் சேர வேண்டியதை விட்டுவிடுகின்றன. தாய் தந்தையர் தோட்டத்தில் இருக்கிறார்கள். பிள்ளைகளோ தொழிற்சாலையிலும், அலுவலகத்திலும், பள்ளிக்கூடத்திலும், மருத்துவமனையிலும் வேலை செய்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் வரி கட்டுகிறார்கள். ஆகவே, பல் வலி தோட்டத்தில் இருந்தாலும் வரிக் கழிவு பட்டணத்தில் இருக்கலாம்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒன்று கழிவு, மற்றொன்று தள்ளுபடி. கழிவு என்பது நம் வருமானத்திலிருந்து கழிக்கப்படுவது. மிஞ்சிய தொகைக்குத்தான் வரி போடுவார்கள். தள்ளுபடி என்பது போட்ட வரியிலிருந்தே குறைக்கப்படுவது. பல் வைத்தியச் செலவு கழிவு வகையைச் சேர்ந்தது. எனவே, பல்லுக்கு 500 வெள்ளி செலவழித்தால் அரசாங்கம் 500 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அந்த 500 வெள்ளிக்கு உரிய வரிதான் குறையும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மலேசியாவில் 2024-ஆம் மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, வரி செலுத்துகிறவர் தமக்கோ, தம் கணவன் அல்லது மனைவிக்கோ, தம் பிள்ளைகளுக்கோ செய்த பல் பரிசோதனைச் செலவையும் பல் சிகிச்சைச் செலவையும் கழித்துக் கொள்ளலாம். அதற்கு வரம்பு 1,000 வெள்ளி. ஆளுக்கு 1,000 என்று கணக்கில்லை. குடும்பத்தில் இவர்கள் அனைவருக்குமாகச் செலவிட்டதைச் சேர்த்து 1,000. கடும் நோய்களின் சிகிச்சை முதலிய மருத்துவச் செலவுகளுக்கு மொத்தம் 10,000 வெள்ளி வரை கழிவு உண்டு அல்லவா? பல்லுக்கான இந்த 1,000 வெள்ளி அந்தப் பத்தாயிரத்துக்குள்ளேயே அடங்கும்.

பெற்றோருக்கு வேறு கழிவு இருக்கிறது. தாய் தந்தையரின் மருத்துவத்துக்காகப் பிள்ளை செலவிடும் தொகையில் 8,000 வெள்ளி வரை கழிக்கலாம். பல் சிகிச்சையும் அதில் சேரும். 2025-ஆம் மதிப்பீட்டு ஆண்டிலிருந்து பாட்டன் பாட்டிக்குச் செய்யும் செலவையும் இதில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் பெற்றோர் விஷயத்தில் எல்லாப் பல் வேலையும் கணக்கில் வராது. பல் பிடுங்குதல், பல் அடைத்தல், பல் சுத்தம் செய்தல் ஆகியவை வரும். பொய்ப்பல் கட்டுவதும், பல்லுக்கு உறை போடுவதும், வேர்ச் சிகிச்சையும் வரமாட்டா. "அம்மாவுக்குப் பல் செட்டு வாங்கிக் கொடுத்தேன், அதைக் கழித்துக் கொள்ளலாம்" என்று நம் பிள்ளைகளில் பலர் நினைக்கிறார்கள். அது கழியாது. அந்தப் பல் செட்டு வைப்பதற்கு முன் பிடுங்கிய பற்களுக்கான கட்டணம் கழியும். ஆகையால், எந்த வேலைக்கு எவ்வளவு என்று ரசீதில் தனித்தனியாக எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

இனி, இந்தக் கழிவு யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

தோட்டத்தில் குலை அறுக்கும் ஒருவர் மாதம் 1,700 வெள்ளி சம்பளம் வாங்குகிறார் என்று வைத்துக் கொள்வோம். இது 2025-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம். ஆண்டுக்கு 20,400 வெள்ளி. இதில் ஒவ்வொருவருக்கும் உரிய சொந்தக் கழிவு 9,000 வெள்ளி போனால் மீதி 11,400. ஊழியர் சேமநிதிக்குப் பிடிக்கும் சுமார் 2,240 வெள்ளியும் போனால் மிஞ்சுவது சுமார் 9,160. முதல் 5,000 வெள்ளிக்கு வரி கிடையாது. அதற்கு மேற்பட்ட சுமார் 4,160 வெள்ளிக்கு நூற்றுக்கு 1 வீதம் வரி. அது ஏறக்குறைய 42 வெள்ளி. ஆனால், வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கு 400 வெள்ளி தள்ளுபடி இருக்கிறது. ஆகவே இவர் கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை. வரியே இல்லாதவர் பல் வைத்தியரின் ரசீதை எத்தனை ஆண்டு பெட்டியில் பூட்டி வைத்திருந்தாலும் அதனால் அவருக்கு ஒரு காசு பயன் இல்லை.

இப்போது அவருடைய மகளைப் பார்ப்போம். திருமணமாகாத அந்தப் பெண் தொழிற்சாலையில் மாதம் 4,500 வெள்ளி சம்பளத்தில் வேலை செய்கிறாள். ஆண்டுக்கு 54,000 வெள்ளி. சொந்தக் கழிவு 9,000, ஊழியர் சேமநிதிக் கழிவு உச்ச வரம்பான 4,000. கணக்கைச் சுலபமாக்க மற்றச் சில்லறைக் கழிவுகளை விட்டுவிடுவோம். வரிக்குரிய வருமானம் 41,000 வெள்ளி. முதல் 35,000 வெள்ளிக்கு வரி 600 வெள்ளி. அதற்கு மேற்பட்ட 6,000 வெள்ளிக்கு நூற்றுக்கு 6 வீதம் 360 வெள்ளி. ஆக மொத்தம் 960 வெள்ளி.

அந்த ஆண்டில் அவள் தன் பல்லுக்கு 500 வெள்ளி செலவிட்டாள். தோட்டத்திலிருக்கும் அப்பாவுக்கு இரண்டு பல் பிடுங்கவும் அம்மாவுக்குப் பல் அடைக்கவும் 700 வெள்ளி கொடுத்தாள். மொத்தம் 1,200 வெள்ளி. இதைக் கழித்தால் வரிக்குரிய வருமானம் 39,800 ஆகிறது. வரி 888 வெள்ளி. மிச்சம் 72 வெள்ளி. "இவ்வளவுதானா?" என்று கேட்கலாம். ஆம், இவ்வளவுதான். ஆயினும் 72 வெள்ளி என்பது ஒரு சிறு குடும்பத்துக்குச் சில நாள் மளிகைச் சாமான். சட்டப்படி நமக்கு உரியதை நாம் ஏன் விட வேண்டும்?

சிலருக்கு மிச்சம் இன்னும் பெரிதாகவே இருக்கும். 35,000 வெள்ளி வரம்பைச் சற்றே தாண்டி நிற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு பையனின் வரிக்குரிய வருமானம் 35,600 வெள்ளி என்று வைத்துக் கொள்வோம். அவன் கட்ட வேண்டிய வரி 636 வெள்ளி. வரம்பைத் தாண்டிவிட்டதால் 400 வெள்ளித் தள்ளுபடி அவனுக்குக் கிடையாது. அவன் தன் பல்லுக்கும் தாய் தந்தையர் பல்லுக்குமாக உண்மையிலேயே 600 வெள்ளி செலவிட்டு அதைக் கழித்தால், வருமானம் சரியாக 35,000-க்கு வந்துவிடும். வரி 600, அதில் தள்ளுபடி 400, கட்ட வேண்டியது 200 வெள்ளிதான். 636 எங்கே, 200 எங்கே! 436 வெள்ளி மிச்சம். அலமாரியில் கிடந்த இரண்டு மூன்று ரசீதுத் துண்டுகள் செய்த வேலை இது.

இந்தக் கணக்குகளிலிருந்து நாம் அறிந்து கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நம் குடும்பங்களில் வழக்கமாக என்ன நடக்கிறது? பட்டணத்திலிருக்கும் மகன் மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான். அப்பாவுக்குப் பல் வலி வந்தால் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு அவரே வைத்தியரிடம் போகிறார். அவரே கட்டுகிறார்; ரசீதும் அவர் பெயரிலேயே வருகிறது. உண்மையில் செலவு மகனுடையது. ஆனால் அதைக் காட்ட அவனிடம் துண்டுக் காகிதம்கூட இல்லை. தகப்பனுக்கோ வரி இல்லை. ஆக, கழிவு இருவருக்கும் இல்லாமல் போகிறது.

இதைத் தவிர்க்க வழி என்ன? அவசரம் இல்லாத சிகிச்சையானால், போவதற்கு முன் குடும்பத்தில் கலந்து பேசுங்கள். செலவை ஏற்கும் பிள்ளை தானே வைத்தியருக்கு நேரடியாகப் பணம் கட்டட்டும். கூட வர முடியாவிட்டால் வங்கி மூலமாகக் கட்டட்டும். ரசீதில் நோயாளியின் பெயரையும் பணம் கட்டியவரின் பெயரையும் எழுதித் தரும்படி கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். ரசீது பெறுவது பணம் கொடுத்தவரின் உரிமை. பெற்றோருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது என்ற மருத்துவரின் சான்றையும் அப்போதே கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.

அண்ணன் தம்பிகள் செலவைப் பங்கு போட்டுக் கொள்வதும் நல்ல வழக்கமே. அப்படியானால் அவரவர் கொடுத்த தொகைக்கு அவரவர் ரசீது வாங்க வேண்டும். ஒரே ரசீதின் முழுத் தொகையை இருவரும் காட்டக் கூடாது. முதலாளியோ காப்புறுதி நிறுவனமோ திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்தையும் காட்டக் கூடாது. நம் கையிலிருந்து போனது எவ்வளவோ அவ்வளவுதான் கணக்கு.

பெற்றோர் என்றால் யார் என்பதிலும் சிலருக்குக் குழப்பம் இருக்கிறது. பெற்ற தாய் தந்தையரும், சட்டப்படி தத்து எடுத்தவர்களும் பெற்றோர். மாமனார் மாமியார் இதில் சேரமாட்டார்கள். மருமகன் மனம் உவந்து மாமியாரின் பல்லுக்குச் செலவிட்டால் அது பாராட்டத்தக்க செயல். ஆனால் வரிக் கணக்கில் வராது. அவருடைய மனைவியும் வேலை செய்து வரி கட்டுகிறவராக இருந்தால், தன் தாய்க்கு அவரே பணம் கட்டுவது புத்திசாலித்தனம். அக்காள் தங்கை, அண்ணன் தம்பி ஆகியோரின் பல் செலவுக்கும் கழிவு கிடையாது.

வைத்தியர் யார் என்பதும் முக்கியம். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிந்து கொண்டவராக இருக்க வேண்டும். தொழில் நடத்துவதற்கு அவர்கள் ஆண்டுதோறும் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அதைக் கேட்டுப் பார்க்கலாம். வீட்டுக்கு வீடு வந்து மலிவு விலையில் பல் கட்டுகிறேன், கம்பி போடுகிறேன் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அவர்கள் கொடுக்கும் சீட்டு வரிக்கும் உதவாது; அவர்கள் போடும் கம்பி பல்லுக்கும் உதவாது. ஈறு சீழ்ப்பிடித்து, கடைசியில் மருத்துவமனைக்கே போக நேரிடும். அதேபோல, தமிழ்நாட்டுக்கு யாத்திரை போனபோது அங்கே பல் கட்டிக்கொண்ட செலவும், எல்லை தாண்டி ஹாஜாயில் செய்துகொண்ட செலவும் இந்தக் கழிவில் சேரமாட்டா. பெற்றோர் மலேசியாவில் வசிப்பவர்களாகவும் சிகிச்சை மலேசியாவில் நடந்ததாகவும் இருக்க வேண்டும்.

இனி நாட்கணக்கைப் பார்ப்போம். ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை செலவிட்டது அந்த ஆண்டுக் கணக்கு. அடுத்த ஆண்டு பிப்ரவரி முடிவதற்குள் முதலாளி ஈ.ஏ. படிவம் கொடுப்பார். அதில் ஆண்டுச் சம்பளமும், சேமநிதிக்குப் பிடித்ததும், மாதாமாதம் வரிக்குப் பிடித்ததும் இருக்கும். அதை வைத்து, சம்பளம் வாங்குகிறவர்கள் பி.இ. படிவத்தை ஏப்ரல் 30-க்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். இப்போது கைத்தொலைபேசியிலும் கணினியிலுமே பெரும்பாலோர் இதைச் செய்கிறார்கள். சம்பளத்தில் முன்னமே வரி பிடித்திருந்தால், கழிவுகளைக் காட்டிய பின் மிகுதியாகப் பிடித்த தொகை வங்கிக் கணக்குக்குத் திரும்பி வரும். கணக்கு எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

படிவத்தோடு ரசீதை அனுப்ப வேண்டியதில்லை. அதனால் ரசீதே தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஏழு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வாரியத்தார் எப்போது கேட்டாலும் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் கழித்த வரியோடு அபராதமும் சேர்த்துக் கட்ட நேரிடும். இப்போது தரும் இயந்திர ரசீதுகளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடுகிறது. வாங்கிய அன்றே ஒரு நகல் எடுத்து, பிறப்புப் பத்திரம் வைக்கிற உறையிலேயே போட்டு வையுங்கள். செய்யாத செலவைச் செய்ததாக எழுதித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வரிக் கழிவைக் காட்டிலும் பெரிய சேமிப்பு ஒன்று இருக்கிறது. அதுதான் அரசாங்கப் பல் மருந்தகம். அங்கே கட்டணம் மிகச் சொற்பம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் சிகிச்சை இலவசம். 1949-ஆம் ஆண்டிலேயே பினாங்கில் பல் தாதியருக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கி, அவர்களைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிய நாடு இது. பள்ளிக்கு வரும் பல் தாதியைக் கண்டு பிள்ளை பயந்து ஒளிந்துகொண்டால், "பாவம், விட்டுவிடுங்கள்" என்று நாமும் சேர்ந்து கொள்ளக் கூடாது. இன்று இலவசமாக அடைக்கும் சொத்தைப் பல், நாளை பணம் கொடுத்துப் பிடுங்கும் பல்லாகிவிடும். பாலும் சீனியும் கலந்த தேநீர்ப் போத்தலை வாயில் வைத்துக்கொண்டே குழந்தையைத் தூங்க வைப்பதையும் விட்டுவிட வேண்டும்.

நம் பாட்டிமாரின் வெற்றிலைப் பெட்டியைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் உறுதியாகக் கூறியிருக்கிறது. புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஆபத்து உண்டு. வெற்றிலை போடும் பெரியவர்களுக்கு வாயில் வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால், வலி இல்லை என்று சும்மா இருக்கக் கூடாது. தொடக்கத்தில் அது வலிப்பதில்லை. அதுதான் அதன் கெடுதல். உடனே பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். "மகன் பணம் அனுப்பட்டும், ரசீது அவன் பெயரில் வரட்டும்" என்று காத்திருக்கிற காரியம் அல்ல அது. கழிவு போனால் அடுத்த ஆண்டு வரும்; உயிர் போனால் வருமா?

நேயர்களே, நாம் இதுவரை பேசியதைச் சுருக்கிச் சொல்லுகிறோம். வரி கட்டுகிறவருக்குத்தான் கழிவு பயன்படும். ஆகவே, உண்மையில் செலவை ஏற்கிறவர் நேரடியாகப் பணம் கட்ட வேண்டும். தமக்கும் மனைவி மக்களுக்கும் 1,000 வெள்ளி வரை. பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிக்கும் செய்யும் பல் பிடுங்கல், அடைத்தல், சுத்தம் செய்தல் ஆகியவை 8,000 வெள்ளி மருத்துவக் கழிவுக்குள். பதிவு பெற்ற வைத்தியரின் ரசீது வேண்டும். அதை ஏழு ஆண்டு காக்க வேண்டும். அவசரமென்றால் அரசாங்க மருந்தகம் இருக்கிறது.

இந்த வாரம் பிள்ளைகளிடம் தொலைபேசியில் பேசும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, நீ வருமான வரி கட்டுகிறாயா? எங்கள் பல் வைத்திய ரசீது உனக்கு வேண்டுமா?" அந்த ஒரு கேள்வி, தோட்டத்திலிருக்கும் பெற்றோரையும் பட்டணத்திலிருக்கும் பிள்ளையையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடும்.